பச்சையில் நிற்கும் எண்

எருமப்பட்டி
ஏப்ரல் 6, திங்கள்

கோகிலாவுக்கு,

நீ என் போனை எடுக்கப் போவதில்லை என்பது தெரிந்துபோயிற்று. அதனால்தான் மெயில். இவ்வளவு நீளமாக நான் கடைசியாக எழுதியது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் ஆபீஸ் ரூம் லேப்டாப்பில் அப்டேட் போட்டாய் அல்லவா? "ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டே இருக்குதுங்க மாமா, இன்னிக்குப் போட்டு உட்டர்றேன்" என்றாய். நானும் சரி என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து அதில் வைஃபை அறுந்து அறுந்து போகிறது. ரூட்டரில் எல்லா விளக்கும் எரிகிறது. என் போனில் வைஃபை நன்றாக இருக்கிறது. லேப்டாப் மட்டும் நினைத்தால் ஒட்டிக்கொள்கிறது, நினைத்தால் விட்டுவிடுகிறது.

உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் பயத்தில் திரும்பச் சொல்கிறேன். ஷெட் நாலு பக்கமும் மூடினது. உள்ளே காற்று என்றால் அந்தப் பெரிய ஃபேன்கள் இழுக்கிற காற்றுதான். கரண்ட் போய், ஜெனரேட்டரும் எடுக்காமல் விட்டால், நாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முப்பதாயிரம் கோழியும் மூச்சு முட்டிச் சாகும். ஷெட்டில் இருக்கிற பெட்டி சூட்டை அளந்து வைஃபை வழியாக லேப்டாப்புக்கு அனுப்புகிறது; கரண்ட் போனாலும் பெட்டி, ரூட்டர், சைரன் எல்லாம் இன்வெர்ட்டரில் ஓடும். சூடு ஏறினால் சைரனை அடிப்பது லேப்டாப். அந்த வைஃபை அறுந்தால் சைரன் எங்கே அடிக்கும்?

போன சித்திரையில் பக்கத்துக் குருமூர்த்தி அண்ணன் பண்ணையில் ஃபேன் நின்றபோது நானும்தானே குழி தோண்டப் போனேன். இறக்கையை விரித்தபடி, வாயைத் திறந்தபடி, கூண்டுக்குக் கூண்டு அப்படியே கிடந்தன. அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. ராத்திரி கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

இதற்கு மேல் பறவைக் காய்ச்சல் பேச்சு வேறு. எங்கேயோ ஒரு பண்ணையில் வந்துவிட்டதாம் என்று வாட்ஸப்பில் ஆளாளுக்கு அனுப்புகிறார்கள். லேப்டாப் ரிப்பேர் செய்கிற பையனைக் கூப்பிடலாம் என்றால் அவன் ஊரிலுள்ள எல்லாப் பண்ணைக்கும் போய்வருகிறவன். கேட்டுக்குள் எப்படி விடுவது? நாட்டுக்கோழி வளர்க்கிற வீட்டுக்குப் போனவர்கள் மூன்று நாள் உள்ளே வரக்கூடாது என்று உன்னிடம் சொன்னதும் இதற்குத்தான். உன்மேல் உள்ள கோபத்தில் சொல்லவில்லை.

இதை எப்படிச் சரி செய்வது என்று மட்டும் எழுது.

சந்திரசேகர்


சேந்தமங்கலம்
ஏப்ரல் 7, செவ்வாய்

மாமாவுக்கு,

உங்கள் மெயிலை மூன்று தரம் படித்தேன். ரூட்டர் விளக்கு எப்படி இருக்கிறது என்று இருந்தது. ஃபேன் எப்படி இருக்கிறது என்று இருந்தது. எங்கள் அம்மா கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. வலது கை மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. சீலை கட்டிக்கொள்ள முடியவில்லை, சோறு பிசைந்து வாயில் வைக்க முடியவில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டேன்.

பெற்றவள் விழுந்து கிடக்கிறாள் என்று பையைத் தூக்கிக்கொண்டு நின்ற பெண்டாட்டியிடம், "அந்தக் கோழிக்குள்ள போய்ப் புழங்கிப்போட்டு இந்தக் கேட்டுப் பக்கம் வராதே" என்று பண்ணையில் வேலை செய்கிற மாதையன், அவர் சம்சாரம் பொன்னாயி இரண்டு பேர் முன்னாலும் கத்தினீர்கள். அதைக் கோபம் இல்லை என்கிறீர்கள். சரி, இருக்கட்டும். உங்கள் குரலைக் கேட்டால் நான் இறங்கிப் போய்விடுவேன். அதனால்தான் போனை எடுப்பதில்லை.

இப்போது லேப்டாப்புக்கு வருகிறேன். பெரிய அப்டேட் போட்டால் நாம் முன்பு மாற்றி வைத்ததையெல்லாம் அது தன் இஷ்டத்துக்குப் பழையபடி ஆக்கிவிடும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று வைஃபை கருவியை அதுவே அணைத்துவிடும். கீழே இடது மூலைப் படத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். டிவைஸ் மேனேஜர் என்று வரும். அதில் நெட்வொர்க் வரிசையில் வைஃபை பெயர் இருக்கும். அதைத் திறந்தால் பவர் என்று ஒரு பக்கம். அங்கே மின்சாரம் மிச்சமாக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்பதற்கு எதிரே டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். பிறகு லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இன்னொன்று. இதைக் கவனமாகப் படியுங்கள். வைஃபை அறுந்தால் அந்த ஷெட் புரோகிராம் கடைசியாக வந்த சூட்டைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். இருபத்தேழு என்று பச்சையில் நிற்கும். அது இப்போதைய இருபத்தேழா, காலையில் வந்த இருபத்தேழா என்று சொல்லாது. அந்தப் பச்சையை நம்பாதீர்கள். மாதையனைக் கைத் தெர்மாமீட்டரோடு ஷெட் வாசலில் உட்கார வையுங்கள்.

கோகிலவாணி


எருமப்பட்டி
ஏப்ரல் 9, வியாழன்

கோகிலா,

அத்தை கையைப் பற்றிக் கேட்காதது தப்புத்தான். பயத்தில் புத்தி ஓடவில்லை. கேட்டதாகச் சொல்.

நீ எழுதினபடியே டிக்கை எடுத்தேன். நேற்று மத்தியானம் முழுக்க எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு தரம்கூட அறுக்கவில்லை. தீர்ந்தது தொல்லை என்று எல்லாவற்றையும் பத்திரப்படுத்திவிட்டு ஷெட்டுக்குப் போனேன். செத்த கோழி பொறுக்கி, தண்ணீர்க் குழாய் பார்த்து, குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், வைஃபை போயிருந்தது. நான் முன்னால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தானாக ஒட்டிக்கொண்டது.

அதற்கப்புறம் சோதித்துப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆவதில்லை. எழுந்து போனால் அறுகிறது. மறுபடி உட்கார்ந்தால் வருகிறது. நான் எழுந்து போவதற்காகவே யாரோ காத்திருக்கிறார்கள் கோகிலா.

இன்று காலை ஷெட்டுக்குப் போகிற மாதிரி போய், தீவன குடோன் மறைவில் நின்று ஆபீஸ் ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஈ காக்கை உள்ளே போகவில்லை. கதவைத் திறந்து பார்த்தால் அறுந்து கிடக்கிறது! ஆள் வராமலே அறுக்கிறான் என்றால் அவனுக்கு நம் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பொன்னாயி மகன் ஒருநாள் வந்தபோது போனில் படம் பார்க்க வேண்டும் என்று கேட்டான், மாதையன் என்னிடம் வாங்கிக் கொடுத்தார். வேறு யாருக்கு நீ சொன்னாய்? உண்மையைச் சொல். திட்ட மாட்டேன்.

இந்த நிலைமையில் மாதையனை ஷெட் வாசலில் உட்கார வை என்கிறாய். எனக்கு யாரையும் நம்ப முடியவில்லை.

சந்திரசேகர்


சேந்தமங்கலம்
ஏப்ரல் 10, வெள்ளி

மாமாவுக்கு,

"உண்மையைச் சொல், திட்ட மாட்டேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு எங்கே சுட்டது தெரியுமா? நம் பண்ணை வைஃபையை நானே ஆள் வைத்து அறுக்கிறேன் என்றும் ஒரு நினைப்பு உங்களுக்கு வந்திருக்கிறது. இல்லை என்று எழுதாதீர்கள், நான் நம்ப மாட்டேன்.

மாதையனைச் சந்தேகப்படுகிறீர்களே, போன வருஷம் தீவன லாரி கவிழ்ந்தபோது மழையில் மூட்டைக்கு மேலே படுத்துக் காத்தவர் அவர்தானே? கொஞ்சம் நிதானத்துக்கு வாருங்கள்.

பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், அது நல்லதுதான். பிறகு லேப்டாப்பில் அந்த வைஃபை பெயரை அழித்துவிட்டு முதலிலிருந்து சேருங்கள். அப்டேட்டோடு வைஃபைக்குப் புது டிரைவர் வந்திருக்கும். அதே பெயரைத் திறந்து டிரைவர் பக்கத்தில் பழையதற்குத் திரும்பு என்று கொடுங்கள். இரண்டும் செய்து பாருங்கள்.

அதற்கும் கேட்காவிட்டால், நீங்கள் எழுந்து போகும்போது என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். மின்விசிறியை அணைக்கிறீர்களா, எந்த சுவிட்சைத் தொடுகிறீர்கள், எதை எங்கே வைக்கிறீர்கள், எல்லாம். நீங்கள் இருந்தால் வருகிறது, போனால் போகிறது என்றால் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஷெட் புரோகிராமை என் போனிலும் போட்டுவிட்டேன். லேப்டாப் அனுப்புகிற எண் எனக்கும் வருகிறது. அம்மாவுக்குச் சோறு ஊட்டும்போதும் ஒரு கையில் போன்தான். எண் மாறிக்கொண்டே இருந்தால் மூச்சு விடுகிறேன். கொஞ்ச நேரம் மாறாமல் நின்றால் சோற்றை அப்படியே வைத்துவிட்டு அதையே பார்க்கிறேன். அம்மா, "அதுல என்ன சாமி அப்படிப் பாக்கறே, பக்கத்துல இருக்கறவ கண்ணுக்குத் தெரியமாட்டேங்கறனா?" என்று கேட்கிறாள்.

கோகிலா


எருமப்பட்டி
ஏப்ரல் 11, சனி

கோகிலா,

பாஸ்வேர்டு மாற்றினேன். பெயரை அழித்துச் சேர்த்தேன். பழைய டிரைவருக்குத் திரும்பினேன். ஒன்றுக்கும் கேட்கவில்லை.

நான் எழுந்து போகும்போது என்ன செய்கிறேன் என்று கேட்கிறாய். என்ன செய்வேன்? எழுந்து போகிறேன். அவ்வளவுதான். கடைசியில் தப்பு என் தலையில்தான் வந்து விடியும் என்று எனக்குத் தெரியும்.

மாதையனையும் பொன்னாயியையும் இன்று காலை அனுப்பிவிட்டேன். "நாங்க என்னங்க தம்பி பண்ணிப்போட்டோம்?" என்று கேட்டார். பொன்னாயி அழுதாள். இனிமேல் யாரும் வேண்டாம். இனி அறுந்தால், அது ஆள் வேலையா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

வெயில் வேறு கொளுத்துகிறது. கொல்லிமலைப் பக்கம் ஒரு மேகம் இல்லை. நீ எதுவும் எழுத வேண்டாம், உன் அம்மாவைப் பார்.

சந்திரசேகர்


சேந்தமங்கலம்
ஏப்ரல் 12, ஞாயிறு, காலை

மாமா,

என்ன காரியம் செய்துவிட்டீர்கள்! அத்தனை கோழிக்கும் தனி ஆளாக என்ன செய்வீர்கள்? நீங்கள் ஷெட்டுக்குள் போகும்போது போனைக் குளியல் ரூம் அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போவீர்கள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பது உங்கள் சட்டம். உள்ளே நீங்கள் மயங்கி விழுந்தால்கூட யாருக்குத் தெரியும்? கோழியை நினைத்துப் பயந்தது போக, இப்போது உங்களை நினைத்தும் பயப்பட வைத்துவிட்டீர்கள்.

மாதையனை உடனே கூப்பிடுங்கள். நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

கோகிலா


ஏப்ரல் 12, ஞாயிறு, மத்தியானம்

மாமா, எண் நின்றுவிட்டது. இருபத்தெட்டு என்றே நிற்கிறது. இந்த வெயிலில் அது ஒரு புள்ளியாவது ஏறி இறங்க வேண்டும். போன் அடிக்கிறேன், அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. குருமூர்த்தி அண்ணனைக் கூப்பிட்டால் அவரும் எடுக்கவில்லை. மாதையன் மோகனூரில் மகள் வீட்டில் இருக்கிறாராம்.

இதைப் பார்த்தவுடன் கூப்பிடுங்கள். நான் ஸ்கூட்டியை எடுத்துவிட்டேன்.


எருமப்பட்டி, ஆபீஸ் ரூம்
ஏப்ரல் 13, திங்கள்

மாமாவுக்கு,

நீங்கள் அந்தப் பக்கம் வீட்டில் இருக்கிறீர்கள், நான் மூன்று நாள் சட்டப்படி இந்தப் பக்கம் ஆபீஸ் ரூமில் அடைந்து கிடக்கிறேன். நடுவில் ஒரு வாசல்தான். ஆனாலும் நேற்றிலிருந்து நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அதனால் மறுபடி எழுதுகிறேன்.

கேட்டில் சங்கிலி போட்டிருந்தது. கத்தினேன், ஃபேன் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. ஃபேன் ஓடுகிற சத்தம் எனக்கும் கேட்டது. ஆனால் எல்லாம் ஓடுகிறதா, பாதிதான் ஓடுகிறதா, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா, அது எப்படித் தெரியும்? சுவர் ஏறிக் குதித்தேன். மருந்துத் தொட்டியில் காலை நனைக்கவில்லை. செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஓடிவந்து ஷெட் கதவைத் திறந்தேன்.

எல்லா ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது. கோழிகள் தீவனம் கொத்திக்கொண்டிருந்தன. நீங்கள் வாளியோடு நின்றீர்கள். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

நேற்றுக் காலைதான் அதே செருப்போடு அம்மா வீட்டுக் கோழிக்கூடையைத் திறந்துவிட்டேன். எச்சத்தை மிதித்திருப்பேன். ஒன்றுமே ஆகாத பண்ணைக்குள், காப்பாற்றுகிறேன் என்று நானே அதைக் கொண்டுவந்திருந்தால்? நீங்கள் செருப்பை எரித்தீர்கள், என்னைத் தலையோடு குளிக்கச் சொல்லிக் கையைக் காட்டினீர்கள், கதவு வழி முழுக்க மருந்து அடித்தீர்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வைஃபை அறுந்த காரணம் தெரிந்துவிட்டது. இந்த ரூமுக்குள் வந்ததும் பார்த்தேன். லேப்டாப்பின் மூடி மூடியிருந்தது, அதன்மேல் உங்கள் பச்சைத் துண்டு சுற்றியிருந்தது. "இதை எப்பவுமே இப்படித்தான் மூடி வெப்பீங்களா?" என்று கேட்டதற்கு நீங்கள் சொன்ன ஒரே வார்த்தை, "மருந்து அடிக்கற எடத்துல, இறகு பறக்கற எடத்துல, தொறந்து போட்டுட்டா போவாங்க?" என்பதுதான். நேற்று நீங்கள் என்னிடம் பேசினதும் அதோடு சரி.

வாங்கின புதிதில் மூடினாலும் தூங்காதே என்று நான்தான் மாற்றி வைத்திருந்தேன். அப்டேட் அதை அழித்துவிட்டது. அப்புறம் நீங்கள் எழுந்து போகும்போதெல்லாம் மூடியிருக்கிறீர்கள். மூடியவுடன் அது தூங்கி, வைஃபையை விட்டிருக்கிறது. வந்து திறந்தவுடன் விழித்திருக்கிறது. ஆளும் இல்லை, சதியும் இல்லை. என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்டேனே, செருப்பை வெளியே விடுவதை யாராவது எழுதிச் சொல்வார்களா, அந்த மாதிரி இதுவும் உங்களுக்கு ஒரு செய்கையாகவே தோன்றவில்லை. இப்போது சரி செய்துவிட்டேன். மூடினாலும் சைரன் அடிக்கும். அடித்தும் பார்த்துவிட்டேன், உங்களுக்கும் கேட்டிருக்கும்.

இப்போது எனக்கு வேறு பயம். இங்கே வந்துவிட்ட நான் இனி வெளியே போய்த் திரும்பினால் இன்னொரு முறை நோயைக் கொண்டுவந்த மாதிரி ஆகும். போகாமல் இருந்தால் அங்கே அம்மா ஒற்றைக் கையோடு தனியாக இருக்கிறாள். அடுப்பு மூட்ட முடியாது. பக்கத்து வீட்டு அங்கம்மாள் நேற்று ராத்திரி சோறு கொடுத்தாளாம். தினமும் யார் கொடுப்பார்கள்? நான் என்ன செய்யட்டும்? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கோகிலா


சேந்தமங்கலம்
ஏப்ரல் 14, செவ்வாய்

கோகிலா,

தேதிக்கு மேலே ஊர்ப் பெயரைப் பார்த்தாய் அல்லவா? ஆமாம், உங்கள் அம்மா வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். விடிகாலையில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்பினால் வேண்டாம் என்பாய், அதனால் சொல்லாமல் வந்துவிட்டேன். நேற்றே மோகனூர் போன் செய்து மாதையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை உடுங்க தம்பி, பயத்துல வாயில வர்றதுதான்" என்றார். அவரும் பொன்னாயியும் குளித்து உடை மாற்றி உள்ளே வந்த பிறகுதான் கிளம்பினேன். அவர்கள் மகள் வீட்டில் கோழி கிடையாது என்று கேட்டுக்கொண்டேன். இந்தப் பயத்திலும் அதைக் கேட்க மறக்கவில்லை பார்.

அத்தை என்னைக் கண்டதும், "வாங்க மாப்ள, வருஷப் பொறப்பும் அதுவுமா ஊட்டுக்கு வந்திருக்கீங்க, கையால ஒரு டம்ளர் தண்ணி குடுக்க முடியலீங்களே சாமி" என்று அழுதுவிட்டார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. உப்புமா கிண்டினேன். கட்டி கட்டியாக இருந்தது. நல்லா இருக்குது என்று சாப்பிட்டார்கள். சீலை கட்டிவிடுவதற்கு மட்டும் அங்கம்மாளைக் கூப்பிட்டேன்.

வாசலில் உட்கார்ந்தால் கோழி வந்து காலடியில் சீய்க்கிறது. ஒன்று கட்டிலில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தது. நான் இருபது வருஷம் தள்ளி நின்றது இதுகளைவிட்டுத்தான். ஒவ்வொன்றின் கொண்டையையும் கண்ணையும் உற்று உற்றுப் பார்க்கிறேன். எல்லாம் துள்ளித் திரிகின்றன. இதுவரை ஒன்றும் சோர்ந்து நிற்கவில்லை. ஆனால் வெளியே தெரியாமலும் நோய் இருக்கலாம் என்று டாக்டர் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்து, மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

மூன்று நாள் நானும் உள்ளே வர முடியாது. அதுவரை பண்ணை உன் கையில். நீ ஷெட்டுக்குள் போகாதே. மாதையனை அனுப்பு. விடிகாலையில் ஃபேனைக் குறைத்து, கொஞ்ச நேரம் அசையாமல் நின்று கேட்கச் சொல். கொர் என்று மூச்சுச் சத்தம், தும்மல் சத்தம் ஏதாவது கேட்டால் உடனே எழுது. தீவனம் மிச்சம் வைக்கிறதா என்றும் பார்க்கச் சொல்.

புரோகிராமை என் போனில் போட அத்தை பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிவந்தார்கள். இப்போது நானும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தேழு புள்ளி மூன்று. இருபத்தேழு புள்ளி ஐந்து. இது மாறாமல் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் உயிர் எங்கே போகிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இங்கே உட்கார்ந்து பார்த்தால் நானும் சுவர் ஏறித்தான் குதித்திருப்பேன். செருப்பைக் கழற்றியிருக்க மாட்டேன். இதை உன்னிடம் நேரில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதிவிட்டேன்.

உன் மாமா


எருமப்பட்டி, ஆபீஸ் ரூம்
ஏப்ரல் 15, புதன், மத்தியானம்

மாமா,

முதலில் இதைப் படியுங்கள். கோழிகள் உயிரோடு இருக்கின்றன.

பதினோரு மணிக்கு மேல் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் தானாக எடுக்கவில்லை. எண் முப்பது, முப்பத்தொன்று என்று என் கண் முன்னாலேயே ஏறியது. பச்சை மஞ்சளாயிற்று, சைரன் அடித்தது. ஊரே கேட்டிருக்கும். மாதையன் களத்திலிருந்து ஜெனரேட்டருக்கு ஓடினார். "பேட்டரி வயரு கழண்டு கெடக்குதுங்கம்மா" என்று கத்தினார். பொன்னாயி ஷெட்டின் அவசரக் கதவுகளை எல்லாம் திறந்துவிட்டாள். நான் ஷெட்டுக்குள் போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் போகாத நேரம் அதுதான். மாதையன் வயரை மாட்டி, முப்பத்தைந்தில் ஜெனரேட்டர் எடுத்தது. ஃபேன் சுற்றின சத்தம் கேட்டவுடன் அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

நீங்கள் அந்த எண்ணைப் பார்த்திருப்பீர்கள். கிளம்பிவிடாதீர்கள். அம்மாவை விட்டுவிட்டு வராதீர்கள்.

இப்போது எழுதப் போவதைப் படித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். சூட்டில் கொஞ்சம் கோழி செத்திருக்கிறது. எல்லாம் ஃபேன் இருக்கிற கடைசிக் கோடியில். அங்கேதான் சூடு அதிகம், அது சரிதான் என்று மாதையனும் சொன்னார். ஆனால் மூன்று கோழி இந்தக் கோடியில் செத்திருக்கிறது. ஈர அட்டையில் தண்ணீர் இறங்கி, காற்று குளிர்ந்து உள்ளே நுழைகிற பக்கம். கதவை ஒட்டின முதல் கூண்டு. அன்றைக்கு நான் செருப்போடு நின்ற இடம்.

அது சூடா, வேறு எதுவுமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாதையன் அந்த மூன்றையும் மட்டும் தனியாக எடுத்து வைத்தார். டாக்டருக்குச் சொல்லிவிட்டேன். அவர் ஆள் கேட்டுக்கு வந்து, மூன்றையும் கட்டி வாங்கிக்கொண்டு நாமக்கல் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறார். பதில் நாளைக்குத்தான் வருமாம். மிச்சக் கோழிகள் தின்கின்றன. தும்மல் கேட்கவில்லை என்கிறார் மாதையன். நான் இங்கிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஃபேன் சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை.

நாளை வருகிற பதில் மோசமாக இருந்தால் கொன்று புதைக்கக் குழி தோண்டுவார்கள். இங்கே மொத்தத்துக்கும், அங்கே அம்மாவின் கோழிகளுக்கும். அப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று எழுதினீர்களே, நானும் குதித்திருப்பேன் என்று. கோழிகள் நன்றாக இருந்தபோது எழுதினது அது. இதைப் படித்த பிறகும் அதையே சொல்வீர்களா? எழுதினால் எனக்குப் போதாது மாமா. உங்கள் வாயால் கேட்க வேண்டும். இதைப் படித்தவுடன் போன் போடுங்கள், எடுக்கிறேன்.

கோகிலா